கேள்வி நேரத்தில் ஒரு டாக்டர்



சென்ற இதழில் தண்ணீர் லாரிக் கணக்கை வரி வரியாக எழுதியிருந்தேன். அதை முழுவதும் படித்தவர்கள் நாலு பேர் என்று செயலாளர் சொன்னார். அதில் அவரும் ஒருவர். இந்த முறை கணக்கு வேண்டாம் சார், யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். காந்தி, பாரதி, காமராஜர் பற்றி எழுத நம் ‘பி’ பிளாக்கிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். நான் நமக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொண்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடக்கிறவர்கள் சீனிவாசபுரத்தைத் தாண்டி முகத்துவாரம் வரை போனால் உடைந்த பாலம் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடையாறு. அந்தக் கரையில் இந்த அம்மையார் உண்டாக்கிய இரண்டு இடங்கள் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கின்றன. ஒன்று பெசன்ட் அவென்யூவில் இருக்கும் அவ்வை இல்லம். இன்னொன்று காந்தி நகரில், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனை. நம் வீடுகளில் பலருக்கு அந்த இரண்டாவது இடம் தெரியும். தெரியாமல் இருந்தால் நல்லது.

இந்த இரண்டையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அதிகம் சொல்ல விரும்புவது அவர் வாழ்க்கையில் மூன்றரை வருடக் கதை. 1927 முதல் 1930 வரை அவர் சென்னை சட்டசபையில் உட்கார்ந்து அரசாங்கத்தைக் கேள்வி கேட்ட கதை. முப்பத்தேழு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். ஆடிட்காரர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதியே பாதி ஆயுள் போனது. அதனால் கேள்வி கேட்பவர்கள் என்றால் எனக்குத் தனி மரியாதை, கொஞ்சம் பயமும்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று சொல்லிவிடுகிறேன்.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அது அப்போது தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த சமூகத்தைச் சேர்ந்தவர். இந்தத் திருமணத்தால் அப்பாவை அவர் வீட்டார் ஒதுக்கிவைத்தார்கள். இரண்டு பக்கத்து உறவுகளும் எப்படி நடத்தினார்கள் என்பதைப் பார்த்தே அந்தப் பெண் வளர்ந்தது. பின்னால் சட்டசபையில் அவர் எடுத்த பெரிய விஷயத்துக்கு விதை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வீட்டில் படித்தே மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஊரில் ஒரே அமளி. பையன்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மூடிய வண்டியில் போய், வகுப்பில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தாராம். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம், கூடவே பதக்கங்கள். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களில் முதல் ஹவுஸ் சர்ஜன். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். 1914-ல்! இன்றைக்கு மேட்ரிமோனியில் அப்படி எழுதினால் எத்தனை ஜாதகம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

டாக்டர் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டார்கள். பிரசவத்தில் சிக்கல் வந்தால், முற்றிப்போன பிறகுதான் லேடி டாக்டரைக் கூப்பிடுவார்கள். குழந்தைகளும் தாய்களும் தடுக்கக்கூடிய காரணங்களால் சாவதை வாரா வாரம் பார்த்தவர் அவர். இதற்கு நடுவில் குடும்பத்திலேயே ஒரு அடி. அவருடைய தங்கைக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் செய்திருக்கிறார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தங்கை கண்ணெதிரே இறந்துபோனார். 1925-ல் லண்டன் போய் ஏறக்குறைய ஒரு வருடம் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேற்படிப்பு படித்தபோது, அங்கே புற்றுநோய் மருத்துவமனையிலும் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

திரும்பி வந்ததும் சட்டசபை அழைப்பு காத்திருந்தது.

இங்கே அந்தக் காலத்து ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெண்களுக்கு ஓட்டு கொடுத்த முதல் மாகாணம் சென்னைதான், 1921-ல். ஆனால் ஓட்டுக்குச் சொத்துத் தகுதி உண்டு, அதனால் ஓட்டுப் போட்ட பெண்கள் ரொம்பக் கொஞ்சம். சட்டசபையில் உட்காரும் உரிமை 1926-ல்தான் வந்தது. அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். அடையாறில் 1917-ல் ஆரம்பித்திருந்த இந்திய மாதர் சங்கம், ஒரு பெண்ணையாவது நியமன உறுப்பினராகப் போட வேண்டும் என்று அரசாங்கத்தை வற்புறுத்தியது. டாக்டரம்மாவின் பெயரைச் சொன்னது. அவருக்கு முதலில் இஷ்டம் இல்லை. நோயாளிகளை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்வது என்று தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார்.

சபையில் மொத்தம் 132 பேர். 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மற்றவர்கள் நியமனம். அதில் ஒரே ஒரு பெண். போன சில நாட்களிலேயே, 1927 ஜனவரியில், சபையின் துணைத்தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். லண்டனில் 21 வயதிலிருந்து 29 வயது வரை உள்ள பெண்களுக்கு அப்போது ஓட்டே கிடையாது, அது 1928-ல்தான் வந்தது. இங்கே கோட்டையில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளைக்கார அதிகாரிகளையும் ஜமீன்தார்களையும் வக்கீல்களையும் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் நாற்காலியில் உட்காருகிறவர் பேசக் கூடாது. தலைவர் இல்லாதபோதுதான் துணைத்தலைவருக்கு அந்த இடம் என்பதால், மற்ற நேரங்களில் கீழே தன் இடத்தில் இருந்து கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். அவருக்கு வேண்டியது அதுதான்.

கேள்வி கேட்பது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இந்த உரிமையே தவணை முறையில் வந்தது. 1861-ல் இந்தச் சபைகள் உண்டானபோது உறுப்பினர் கேள்வி கேட்க முடியாது. 1892 சட்டத்தில் கேட்கலாம் என்று வந்தது. ஆனால் பதிலைக் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார வேண்டும். 1909-ல், கேட்டவர் மட்டும் பதிலின் மேல் ஒரு துணைக் கேள்வி கேட்கலாம் என்றார்கள். 1919 சட்டத்துக்குப் பிறகுதான் சபையில் யார் வேண்டுமானாலும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று ஆனது. டாக்டரம்மா உள்ளே போனபோது அந்த முறைக்கு வயது ஆறு, ஏழுதான்.

இதில் முக்கியமானது துணைக் கேள்விதான். முதல் கேள்வி முன்கூட்டியே எழுத்தில் போய்விடும். இலாகாவில் ஃபைல் போட்டு, குமாஸ்தா எழுதி, சூப்பிரண்டு திருத்தி, செயலாளர் கையெழுத்துப் போட்டு, ஒரு உருண்டையான பதில் தயாராகும். பிடி கிடைக்காது. வங்கியில் நாங்களும் அப்படித்தான் எழுதுவோம். கிளையில் தூசு படிந்த லெட்ஜரைப் பற்றி ஆடிட் குறிப்பு வந்தால், கவனத்தில் கொள்ளப்பட்டது, நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்று பதில் போகும். லெட்ஜர் அங்கேயேதான் இருக்கும். அடுத்த வருடம் வேறு ஆடிட்டர் வருவார். ஒரே ஒருத்தர்தான், போன வருடத்துப் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில், யார் செய்தது என்று நின்றபடியே கேட்டார். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை. லெட்ஜர் மறுநாளே பைண்டிங்குக்குப் போனது. துணைக் கேள்வி என்பது அது.

இன்றைக்கும் சட்டமன்றத்தில் நடைமுறை ஏறக்குறைய அதுவே. கூட்டம் ஆரம்பித்ததும் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வி உண்டு. குறியிடாத வினாவுக்கு எழுத்தில் பதில். நம் ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் உண்டா, புதிய கட்டடம் வருமா என்று உறுப்பினர்கள் கேட்பதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நிதிநிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்ற பதிலையும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பதிலுக்கு வயது நூறு.

முத்துலட்சுமி ரெட்டி காலத்தில் அந்தப் பதில் வெறும் சாக்கு இல்லை, அமைப்பே அப்படி. இரட்டை ஆட்சி என்று பெயர். கல்வி, மருத்துவம், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி எல்லாம் இந்திய அமைச்சர்களிடம். பணம், போலீஸ், நிலவரி எல்லாம் கவர்னரின் நிர்வாகக் குழுவிடம். அதாவது, பாத்திரம் ஒருவர் கையில், அரிசி டப்பா சாவி இன்னொருவர் இடுப்பில். ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டால் அமைச்சர் தலையாட்டுவார், நிதி உறுப்பினர் தலையாட்ட மாட்டார். டாக்டர் சுப்பராயன் முதல்மந்திரியாக இருந்த காலம் அது.

இந்த நிலைமையில் ஒரு நியமன உறுப்பினர், கட்சி இல்லை, பின்னால் ஓட்டுப் பலம் இல்லை, என்ன செய்ய முடியும்? விடாமல் கேட்டார். பிரசவ காலத்து உதவி, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், பெண் டாக்டர்கள், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், முஸ்லிம் பெண்களுக்கு விடுதி. வரவு செலவுத் திட்டம் வரும்போது பேசினார். பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒழுங்காக மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், நகராட்சிப் பள்ளிகள் உள்பட, என்று வற்புறுத்தினார். பரிசோதனை செய்வதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு அவரிடம் டாக்டரின் பதில் இருந்தது. கண் தெரியாத பிள்ளையை மக்கு என்று வாத்தியார் அடித்துக்கொண்டிருப்பதை நாமெல்லாம் பார்த்தவர்கள்தானே.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு என்ன செய்தது? மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கு ஒரு பிரிவு திறந்தது. மருத்துவமனை கேட்டார், வார்டு கிடைத்தது. குழந்தைத் திருமணத்திலும் அப்படித்தான். பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 வயதாவது ஆக வேண்டும் என்று சென்னை சபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. டில்லியில் 1929-ல் வந்த சாரதா சட்டத்தில் 14, 18 என்றுதான் வந்தது. கிடைத்ததை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை.

நம் வளாகத்தில் மூன்று வருடம் முன்பு குடிநீரில் கழிவுநீர் வாடை வந்தது பலருக்கு நினைவிருக்கும். ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். அதோடு சரி. பிறகு எல்லோரும் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டோம், வாடையும் ஏதோ ஒரு மழையில் போய்விட்டது. நான்தான் அப்போது இணைச் செயலாளர். அடுத்த கடிதத்தை நான் எழுதவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இனி, அவர் பெயர் நிலைத்த விஷயம். கோயில்களில் சிறு பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். டாக்டராக அவர் இதன் விளைவுகளைப் பார்த்தவர். பால்வினை நோயோடு வரும் இளம் பெண்கள், அவர்கள் பெறும் நோயாளிக் குழந்தைகள். அவருக்கு இது ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் இல்லை, பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகவும் இருந்தது.

சபையில் எதிர்த்தவர்களில் பெரியவர் சத்தியமூர்த்தி. வேடிக்கை என்னவென்றால் அவரும் அதே புதுக்கோட்டைச் சீமைக்காரர், திருமயத்தில் பிறந்தவர், இவரைவிட ஒரு வயது சின்னவர், அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். கேள்வி கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. துணைக் கேள்விகளால் அதிகாரிகளை வியர்க்க வைத்தவர். 1928-ல் பாரதியார் பாடல்களைப் பறிமுதல் செய்தபோது இதே சபையில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்து அரசாங்கத்தைத் தோற்கடித்தவர். அப்படிப்பட்டவர் இந்த விஷயத்தில் கலை அழிந்துவிடும், பழக்கம் குலைந்துவிடும் என்று நின்றார். பெரிய மனிதர்களுக்கும் ஓர் இடத்தில் சறுக்கும். அந்தச் சபையில் இருவருக்கும் நடந்ததாக ஒரு காரசாரமான வசனம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம் குடியிருப்புக் குழுவிலேயே இரண்டு முறை வந்தது. அதை நான் இங்கே போடவில்லை. வசனம் இல்லாமலே விஷயம் கனமானதுதான்.

எதிர்ப்பு ஆண்களிடமிருந்து மட்டும் வரவில்லை. தேவதாசிப் பெண்களில் சிலரே மனு கொடுத்தார்கள். எங்கள் பிழைப்புக்கு என்ன வழி, எங்கள் பாட்டும் ஆட்டமும் என்ன ஆவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி அது. முழுப் பதில் யாரிடமும் இல்லை, இவரிடமும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் பிழைப்பு என்ற பாதிக்கு அவர் செய்த வேலை, வங்கிக்காரனான என்னை வியக்க வைத்தது. கோயிலில் சேவை செய்வதற்காக இந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் உண்டு. சேவையை விட்டால் நிலம் போய்விடும். அதனால் விட நினைத்தாலும் விட முடியாது, மகளையும் பொட்டுக்கட்டியாக வேண்டும். அடமானம் வைத்த சொத்து மாதிரி. 1929-ல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, சேவை செய்ய வேண்டிய கட்டாயத்திலிருந்து அந்த நிலங்களை விடுவித்தார். நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கும், சேவைக் கட்டாயம் இல்லை. முதலில் அடமானத்தை மீட்டுக் கொடுத்துவிட்டு, பிறகுதான் பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவுக்குப் போனார்.

அந்த மசோதா சட்டமாவதற்குள் அவர் சபையை விட்டு வெளியே வந்துவிட்டார். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியைக் கைது செய்தார்கள். அரசாங்கம் நியமித்த உறுப்பினர் அவர். அந்தப் பதவியில் இருக்க மனம் ஒப்பவில்லை, ராஜினாமா செய்தார். தன் சபை அனுபவங்களை அதே வருடம் ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் வந்தது 1947-ல், ஓமந்தூரார் காலத்தில். அவர் முதல் தீர்மானம் கொண்டுவந்து இருபது வருடம் கழித்து.

ராஜினாமா செய்ததோடு கேள்வி கேட்கும் இடம் போய்விட்டது. கேள்விகள் வீடு தேடி வந்தன. பொட்டுக்கட்டு வழக்கத்திலிருந்து தப்பி வந்த சில பெண்கள் தங்க இடம் கேட்டு அவர் வாசலில் நின்றார்கள். விடுதிகளில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். பிறகு அடையாறுக்கு மாறியது. எந்தச் சாதி, எந்தத் தாய் என்று கேட்காமல் பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வது என்பது முதல் நாளே போட்ட விதி.

புற்றுநோய் விஷயத்தை அவர் மறக்கவில்லை. 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், சென்னைக்குப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். பிறகு போர் வந்தது, சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரன் போய் நம்மவர்களே அமைச்சர்களான பிறகும் கேட்டார். அந்த மருத்துவமனையின் வரலாற்றைச் சொல்பவர்கள் ஒரு சம்பவத்தைத் தவறாமல் சொல்வார்கள். உதவி கேட்டுப் போனபோது ஓர் அமைச்சர், புற்றுநோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி, அது வந்தவர்கள் எப்படியும் செத்துத்தானே போகிறார்கள் என்றாராம். இரட்டை ஆட்சியில் பணம் வேறொருவர் பெட்டியில் இருந்தது, அதனால் இல்லை என்றார்கள். இப்போது பெட்டி நம்முடையது. பதில் மட்டும் இப்படி.

அந்த அமைச்சர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு மலேரியாவும் காசநோயும் அம்மையும் லட்சக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தன. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் எப்படியும் சாவார்கள் என்பது கணக்கு இல்லை. தங்கைக்குச் சீதபேதி மருந்து கொடுத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களை வாழ்ந்து பார்த்த ஒருவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார். வீடு வீடாக, ஆள் ஆளாக. 1952 அக்டோபர் 10 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று மருத்துவமனை திறந்தது. பன்னிரண்டு படுக்கை. அப்போது அவருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த வருடம் டாக்டர் சாந்தா என்ற இளம் பெண் வந்து சேர்ந்தார், 2021-ல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவே இல்லை.

1956-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1968 ஜூலை 22 அன்று, 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது காலமானார். இப்போது ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் 18,000 ரூபாய் உதவி அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களிடம் கேட்டால், முத்துலட்சுமி பணம் வந்துவிட்டதா என்று ஒருவரையொருவர் விசாரிப்பதைச் சொல்வார்கள். யார் அந்த முத்துலட்சுமி என்று நான் ஒரு பெண்ணிடம் கேட்டேன். ஹெல்த் ஆபீசர் அம்மாவாக இருக்கும் என்றாள். அவ்வளவு தப்பான பதில் இல்லை.

எனக்கு அவரைத் தெரிந்ததும் தாமதமாகத்தான். 1994-ல் என் அம்மாவுக்கு ரத்தப்போக்கு இருந்தது. ஒரு டாக்டர் மூலம் என்று சொல்லி ஏழு மாதம் மருந்து கொடுத்தார். நாங்களும் அதற்குமேல் அவரை ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரைக் கேள்வி கேட்பதா என்று ஒரு கூச்சம். கடைசியில் வங்கியில் கூட வேலை பார்த்த ஒருவர் வற்புறுத்தி அடையாறுக்கு அனுப்பினார். பட்டினப்பாக்கத்தில் பஸ் ஏறி, திரு.வி.க. பாலம் தாண்டி, கால்வாய்க் கரையோடு நடந்து போவோம். அம்மா அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தாள், பேரன் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் பெஞ்சில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கும் இந்த அம்மா யாருடா என்று கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, யாராவது நன்கொடை கொடுத்தவர்களாக இருக்கும் என்றேன்.